நீர் சுடாமல் விட்ட குண்டு

இன்று காலை எங்கள் கட்டடத்தைப் பராமரிக்கிறவர் என் கதவுப் பூட்டைச் சரிசெய்ய வந்தார். சாவித் துவாரத்துக்குள் அவர் எண்ணெய் விட்டதும் அந்த மணம் கூடத்துக்குள் வந்தது. பிஸ்டலைத் துடைத்து எண்ணெய் போடும்போது நம் விரல்களில் ஒட்டுமே, அதே மணம். அவர் போன பிறகும் கதவடியிலேயே நின்றேன். உம்மோடு கதைக்க வேண்டும் போல இருந்தது.

நாங்கள் இரண்டு பெண்களும் வங்கிப் பணம் ஏற்றும் கவச வண்டியில் காவலாளிகளாகச் சேர்ந்த காலத்தில் நாங்கள் குடியிருந்த கோட்-டெ-நெய்ஜ் பகுதி முழுக்க எங்களைப் பற்றித்தான் கதை. நீர் ஆஸ்பத்திரியில் தரை துடைத்துக்கொண்டிருந்தீர். நான் ஒரு தெப்பனரில், அதுதான் மூலைக்கடையில், கல்லாவில் நின்றேன். கோயிலில் ஒரு அக்கா உம்மை மறித்துக் கேட்டா: "துவக்குக்குப் பயந்து ஓடி வந்தனீர். இஞ்ச வந்து துவக்கு வேலையோ?"

நீர் கோபிக்கவில்லை. "ஓமக்கா. அங்க அது என்ர நெஞ்சுக்கு நேர இருந்தது. இஞ்ச என்ர இடுப்பில இருக்கு" என்றீர்.

மெட்ரோ ரயில் பக்கத்து நகரான லவாலுக்குப் போகத் தொடங்கிய புதிதில், ஒரு மாசி மாதம், கம்பனி எங்கள் இருவரையும் அங்கே ஒரு துப்பாக்கிச் சுடுதளத்துக்கு அனுப்பியது. சீருடை இல்லாமல், சாதாரண உடுப்போடு கடைகளுக்குப் போய்ப் பணம் வாங்கிவர ஒரு சிறு குழு அமைக்க யோசித்தார்கள். அதற்காகக் கோட்டுக்குள் மறைத்து வைக்கக்கூடிய சின்னப் பிஸ்டல் ஒன்றைத் தருவித்திருந்தார்கள். அரசாங்கத்தின் அனுமதி வருவதற்கு முன் அதைச் சுட்டுப் பார்க்க வேண்டும். சுடுகிறவர்களையும் பார்க்க வேண்டும். அந்தக் குழுவுக்குப் பகலில் மட்டும் வேலை என்பதால் உமக்கு அது கட்டாயம் தேவைப்பட்டது. உம்முடைய மகன் அப்போது கார்டெரியில், பகல்நேரப் பிள்ளைக் காப்பகத்தில், இருந்தான். பின்னேரம் கடைசிப் பிள்ளையாக, கோட்டைப் போட்டபடி வாசலில் காத்திருப்பான். "இது கிடைச்சால் நான் வெளிச்சத்தில அவனைக் கூட்டிக்கொண்டு போகலாம்" என்று மெட்ரோவில் சொன்னீர்.

சுடுதளம் ஒரு தொழிற்பேட்டையின் பின்பக்கம் இருந்தது. யன்னலே இல்லாத கட்டடம். பயிற்சியாளர் ஓய்வுபெற்ற பொலிஸ்காரர், சிவந்த முகம், நரைத்த மீசை. பிரெஞ்சில்தான் கதைப்பார், அதையும் உரத்துத்தான் கதைப்பார். மேசையில் அந்தப் பிஸ்டல்கள் கிடந்தன. என் உள்ளங்கைக்குள் ஒன்று முழுதாக அடங்கியது. இவ்வளவு சின்னதாக இருப்பது எனக்குப் பிடிக்கவில்லை. நீரோ அதைக் கையில் வைத்து நிறை பார்த்துவிட்டு, "சின்ன விரலுக்குப் பிடிக்க இடமில்லை. துள்ளும்" என்றீர்.

துள்ளத்தான் செய்தது. பெரிய பிஸ்டல் கையைத் தள்ளும்; இது கையில் அடித்தது. முதலில் ஆறுதலாகச் சுட்டுப் பழகினோம். பிறகு நேரம் குறித்த சோதனை. மணி அடித்ததும் சுடத் தொடங்கி, குண்டு தீர்ந்தால் மாற்றி, மறுபடி மணி அடிக்கும்வரை சுட வேண்டும். நடுவில் பிஸ்டல் சுடாமல் போனால், அடியில் ஒரு தட்டு, மேலே ஒரு இழுவை, தொடர்ந்து சுடு. அந்த அசைவை எங்களுக்கு எத்தனையோ மாதங்களாகப் பழக்கியிருந்தார்கள். யோசிக்காமலே கை செய்துவிடும். யோசிக்காமல் செய்ய வேண்டும் என்பதுதான் பாடம். கட்டளை இல்லாமல் நிறுத்தினால் தோல்வி.

நீர் வலப்பக்கம், நான் பக்கத்தில். இடையில் ஒரு மெல்லிய பலகைத் தடுப்பு. என் குண்டுகள் முதலில் தீர்ந்ததால் மாற்றுவதற்காகக் குனிந்தேன். அதனால்தான் உம்மைப் பார்த்தேன்.

நீர் சுடாமல் நின்றுகொண்டிருந்தீர்.

பிஸ்டல் இலக்கை நோக்கியபடியே இருந்தது. விரல் விசையை விட்டு வெளியே வந்து, பக்கவாட்டில் நேராக நீண்டிருந்தது. மற்றக் கையை மெதுவாக மேலே தூக்கினீர்.

"கொன்டினுயே!" என்று, தொடர்ந்து சுடச் சொல்லி, பயிற்சியாளர் பின்னால் இருந்து கத்தினார்.

"நொன்" என்று மறுத்தீர்.

அவர் மறுபடி கத்தினார். தட்டு, இழு, சுடு, நேரம் போகிறது என்றார். நீர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "நொன், மிசியே. இதில ஏதோ பிழை" என்று பிரெஞ்சில், கோயிலில் அந்த அக்காவுக்குச் சொன்ன அதே குரலில் சொன்னீர். மணி அடித்து நேரம் முடிந்தது. நீர் அப்படியே நின்றீர்.

அவர் முணுமுணுத்துக்கொண்டு வந்து பிஸ்டலை வாங்கினார். குண்டுகளைக் கழற்றிவிட்டு, குழாய்க்குள் ஒரு மெல்லிய கம்பியை விட்டார். கம்பி பாதியில் முட்டி நின்றது. எடுத்து மறுபடி விட்டார். மறுபடியும் அதே இடத்தில் நின்றது. அவருடைய முகத்தின் சிவப்பு என் கண் முன்னே வடிந்தது.

நீர் கடைசியாகச் சுட்ட தோட்டாவுக்குள் வெடிமருந்து இருக்கவில்லை. அதன் அடியில் தெறித்த சிறு பொறி மட்டும் தள்ளியதில், குண்டு குழாயின் நடுவில் சிக்கிக் கிடந்தது. நீர் பழக்கப்படி தட்டி, இழுத்து, அடுத்ததைச் சுட்டிருந்தால் குழாய் உம்முடைய கையிலேயே வெடித்திருக்கும். பலகைத் தடுப்பைக் கையால் தட்டிப் பார்த்துவிட்டு அவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். அந்தப் பலகை எதையும் தடுத்திருக்காது.

உம்மை வீட்டுக்குப் போய் ஓய்வெடுக்கச் சொன்னார். இன்னொரு நாள் பார்க்கலாம் என்றார். நீர் மேசையில் இருந்த இன்னொரு பிஸ்டலை எடுத்தீர். "மிச்சத்தை இப்பவே சுடுறன்." நீர் சுட்டு முடித்து, காதுக் கவசத்தைக் கழற்றி, "இனி உம்மட முறை" என்றீர். நான் எப்படிச் சுட்டேன் என்று எனக்கு ஞாபகம் இல்லை.

மத்தியானம் சுடுதள வாசலறையில் சோற்றுப் பெட்டியைத் திறந்து வைத்துக்கொண்டு கேட்டேன்: "எப்பிடித் தெரிஞ்சது உமக்கு? காதை மூடியெல்லே நிண்டனாங்கள்?"

"கை சொன்னது. ஒவ்வொரு முறையும் அடிக்கும். அந்த முறை ஆரோ மெல்லத் தொட்டுக் கூப்பிட்ட மாதிரி இருந்தது" என்றீர். கொஞ்ச நேரம் சாப்பிட்டீர். பிறகு சொன்னீர்: "ஷெல் சத்தம் குறைஞ்சால் நல்லதெண்டு நினைச்சு எங்கட அப்பா பங்கரால வெளிய போனவர். திரும்பி வரேல்லை. ஏதும் மாறினால் நிக்கவேணும். ஏனெண்டு பேந்து யோசிக்கலாம்."

அன்று திரும்பி வரும்போது மெட்ரோவில் உமக்குப் பக்கத்தில் இருந்தவர்கள் பத்திரிகை வாசித்துக்கொண்டும் நித்திரை தூங்கிக்கொண்டும் இருந்தார்கள். தங்களுக்குப் பக்கத்தில் இருப்பது யார் என்று இவர்களுக்குத் தெரியவில்லையே என்று எனக்கு வியப்பாக இருந்தது. நீர் மகனின் காலுறையில் இருந்த ஓட்டையைத் தைத்துக்கொண்டிருந்தீர்.

கடைசியில் அந்த அனுமதி வரவேயில்லை. சின்னப் பிஸ்டல்கள் பெட்டியோடு திரும்பிப் போயின. ஆனால் பயிற்சியாளர் கம்பனியோடு கதைத்து உம்மைத் தன் உதவியாளராக எடுத்துக்கொண்டார். அது பகல் வேலை. மகனை வெளிச்சத்தில் கூட்டிக்கொண்டு போனீர்.

போன வருடம் உம்முடைய இறுதிச்சடங்கு நடந்த மண்டபத்துக்கு அவரும் வந்திருந்தார். கைத்தடியோடு பின்வரிசையில் நின்றார். உம்முடைய மகன் இப்போது அவரைவிட உயரம். தமிழைவிடப் பிரெஞ்சுதான் அவனுக்கு இலகு. அவர் அவனிடம் அந்த நாளின் கதையைச் சொன்னார். அவன் என்னிடம் வந்து, "மாமி, அது உண்மையா? அம்மா எனக்குச் சொல்லவேயில்லை" என்றான். "உண்மை. நான் பக்கத்தில நிண்டனான்" என்றேன். அவன் உம்முடைய முகத்தை நீண்ட நேரம் பார்த்துக்கொண்டு நின்றான், முதன்முதலாகப் பார்ப்பவனைப் போல.

எனக்கு உம்முடைய கை இல்லை, காதும் இல்லை. ஆனாலும் உம்மிடமிருந்து ஒன்று என்னோடு வந்துவிட்டது. இந்தக் குளிர்காலத்தில் ஒருநாள் வேலைக்குப் போகும் வழியில் ஆற்றுக்கு அப்பால் லொங்குய்யில் கைக்குழந்தையோடு இருக்கும் மகளுக்கு வழக்கம்போல் தொலைபேசினேன். "ஓம் அம்மா, நாங்கள் சுகமா இருக்கிறம்" என்றாள். தினமும் சொல்லும் அதே சொற்கள்தான். ஆனால் குரலில் வழக்கமான அழுத்தம் இல்லை. மெட்ரோப் படிக்கட்டில் நின்றுவிட்டேன். பின்னால் வந்தவர்கள் என்னைச் சுற்றிக்கொண்டு இறங்கினார்கள். ஏன் நின்றேன் என்று அந்த நேரம் எனக்கே தெரியாது. வேலைக்கு வரவில்லை என்று அறிவித்துவிட்டு லொங்குய்க்குப் போகும் மஞ்சள் பாதை மெட்ரோவில் ஏறினேன்.

மகள் கதவைத் திறந்தாள். தலை வாரவில்லை. சமையலறையில் எதுவும் சமைத்த அடையாளம் இல்லை. தோளில் கைக்குழந்தை அழுது அழுது தொண்டை கட்டிப்போயிருந்தது. அவள் கண்ணில் கண்ணீர்கூட இல்லை.

"எப்பிடியம்மா தெரியும்?" என்றாள்.

நான் கோட்டைக் கழற்றாமலே குழந்தையை வாங்கிக்கொண்டேன். "பேந்து சொல்லுறன். நீ போய்ப் படு" என்றேன். அவள் போய்ப் படுத்தாள்.