சாட்சிக்கு மேசையருகே இடம்

அன்பு மகளுக்கு,

அம்மா எழுதுவது. நான் நலமாக இருக்கிறேன், முழங்கால் மட்டும் மழை வருவதை எனக்கு முன்கூட்டியே சொல்லிவிடுகிறது, மற்றபடி குறையில்லை. உன் தம்பி சின்னவனும் நலம். நீயும் நலமாக இருக்க வேண்டும் என்பதுதான் என் காலைப் பிரார்த்தனை, ஆனால் நீ போனில் சொல்லும் "நல்லாருக்கேம்மா"வை நான் நம்புவதாக இல்லை, இருமலை அடக்கிக்கொண்டுதான் சொல்கிறாய் என்பது இங்கே கேட்கிறது. வெந்நீர் குடி. போனில் நான் ஒரு வாக்கியத்தை முடிப்பதற்குள் நீ "சரிம்மா, சரிம்மா" என்று சுருட்டிவிடுகிறாய், அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன். குறுக்கே பேசாமல் கடைசிவரை படி.

போன மாதம் நீ தம்பியிடம் கோபித்துக்கொண்டு போனை வைத்த பிறகு அவன் முகம் தொங்கிப்போய்விட்டது. தன் திருமணப் பதிவுக்கு நீதான் சாட்சிக் கையெழுத்துப் போட வேண்டும் என்பது அவன் சிறுவயது முதல் சொல்லிக்கொண்டிருப்பது. பதிவு அறை மாடியில் இருக்கிறது என்று தெரிந்ததும் போய் விசாரித்திருக்கிறான், அங்கே யாரோ, உங்க அக்கா வண்டியிலேயே இருக்கட்டும், பதிவேட்டை நாங்களே கீழே கொண்டு வந்து கையெழுத்து வாங்கிக்கொள்கிறோம் என்று சொல்ல, பெரிய உதவி கிடைத்துவிட்டது என்று நினைத்து அதே வேகத்தில் உன்னிடம் சொல்லிவிட்டான். நீ சொன்னதை வார்த்தை மாறாமல் என்னிடம் ஒப்பித்தான். "எல்லாரும் மேல நிப்பீங்க, நான் மட்டும் கார்ல பார்சல் மாதிரி இருக்கணுமா? வேற யாரையாவது பாருடா." அவன் நல்லவன்தான், ஆனால் யாராவது சிரித்த முகத்தோடு எதை நீட்டினாலும் வாங்கிக்கொண்டு வந்துவிடுவான், உன் அப்பாவைப் போல. அவனை மன்னித்துவிடு என்று நான் சொல்ல வரவில்லை, அது அக்கா தம்பி பாடு. நீ கேட்டது நியாயம் என்று மட்டும் எழுதுகிறேன். நீ பட்டம் வாங்கிய அன்று நாலு பேர் உன்னை நாற்காலியோடு மேடைக்குத் தூக்கினார்கள், கூட்டம் கைதட்டியது, வீட்டுக்கு வந்து நீ, "பட்டத்துக்குத் தட்டலம்மா, தூக்கினதுக்குத் தட்டினாங்க" என்றாய். அதற்கு அப்புறம் யார் கையிலும் நீ ஏறியதில்லை. ஏற வேண்டியதுமில்லை.

எப்படியாவது வந்துவிடு என்று நான் கண்ணீரும் கம்பலையுமாக எழுதுவேன் என்று நீ நினைத்திருக்கலாம். நான் அழவில்லை, அந்த அலுவலகத்தை நேரில் பார்த்துவிடுவது என்று கிளம்பினேன். தம்பிக்கு வரப்போகிறவள் மருந்துக்கடையில் வேலை பார்க்கிறாள் அல்லவா, அங்கே சக்கர நாற்காலி வாடகைக்கு உண்டு, ஒன்றை எடுத்து வரச் சொன்னேன். "அத்தை, நீங்களா உக்காரப்போறீங்க?" என்று கேட்டாள். முன்னறையில் அலங்காரத்துக்கு வைக்கவா கேட்டேன் என்றேன். அவள் சிரித்துவிட்டுக் கால்வைக்கும் தட்டைச் சரிசெய்தாள். விடுப்புப் போட்டுவிட்டு என்னைத் தள்ளிக்கொண்டு வந்தாள், சின்னவனுக்கு மூச்சுக்கூட விடவில்லை. பெண் கெட்டிக்காரி, உனக்குப் பிடிக்கும். வீட்டிலிருந்தே உட்கார்ந்து போனதுதான் வினையாகிவிட்டது. எதிர்வீட்டுத் தையல்காரி ஜன்னல் வழியாகப் பார்த்துவிட்டு மறுநாள் ஆரஞ்சுப் பழத்தோடு பக்கவாதம் விசாரிக்க வந்தாள், நானே நடந்து போய்க் கதவைத் திறந்ததில் அவளுக்குக் கொஞ்சம் ஏமாற்றம். பழம் நன்றாக இருந்தது.

நல்லதை முதலில் எழுதுகிறேன். வாசலில் சாய்தளம் கட்டியிருக்கிறார்கள், பேருக்குக் கட்டியதல்ல, நிதானமான ஏற்றம், இரண்டு பக்கமும் கைப்பிடி, திரும்புகிற இடத்தில் சமதளம். சட்டம் வந்ததால் கட்டினார்கள் என்கிறாள் மருமகள், எதனால் கட்டினால் என்ன, கட்டியிருக்கிறார்கள். ஆனால் அது தொடங்கும் இடத்தில் "வாகனம் நிறுத்தாதீர்" என்ற பலகை, பலகையின் மேலேயே சாய்த்து ஒரு மோட்டார் சைக்கிள். அது அலுவலகத்துப் பியூனுடையது. அவரை வரவழைத்து எடுக்க வைத்தோம். உள்ளே மாடிப்படிக்குப் பக்கத்தில் புத்தம்புது லிஃப்ட், பூட்டியிருந்தது. கதவில் ஒரு அறிவிப்பு ஒட்டியிருந்தார்கள், சத்தியமாகச் சொல்கிறேன், நான் கண்ணாடியைத் துடைத்துவிட்டு மறுபடி படித்தேன். லிஃப்ட் தேவைப்படுவோர் சாவிக்கு மேல்மாடியில் தலைமை எழுத்தரை அணுகவும் என்று இருந்தது.

வாட்ச்மேன் வந்தார். என்னைப் பார்க்காமல் என் தலைக்கு மேலாக மருமகளைப் பார்த்து, "பாட்டிக்கு என்ன வேணுமாம்?" என்றார். நான் பதில் சொல்ல வாயைத் திறப்பதற்குள், "காது கேக்குமா அவங்களுக்கு?" என்று இன்னொரு கேள்வி. "என்னையே கேளுப்பா, வாய் என்கிட்டதான் இருக்கு" என்றேன். கால்தானே போயிற்று, காதும் புத்தியும் சேர்ந்து போய்விட்டதாக எப்படி முடிவு செய்கிறார்கள் என்று நீ பலமுறை என்னிடம் பொரிந்திருக்கிறாய், இப்போது எனக்கே பற்றிக்கொண்டு வந்தது. அவர் மேலே போய்விட்டு வந்து, தலைமை எழுத்தர் விடுப்பு, சாவி அவர் மேசை இழுப்பறையில், இழுப்பறை பூட்டியிருக்கிறது என்று சொல்லிவிட்டு, நாலு பேரைக் கூப்பிடுகிறேன், நொடியில் தூக்கிவிடலாம் என்றார். தேவையில்லை, பதிவாளரைக் கீழே வரச் சொல் என்றேன். மருமகள் குனிந்து காதில், "அத்தை, விட்டா கலெக்டரையே வரச் சொல்வீங்க போல" என்றாள்.

பதிவாளர் வந்தார். உன்னைவிடச் சின்னப் பெண், மரியாதை தெரிந்தவள், எனக்கு எதிரே ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து பேசினாள். அவளும் அதையேதான் சொன்னாள், பதிவேட்டைக் காருக்குக் கொண்டு வருவது எங்களுக்குச் சிரமமே இல்லை, இப்படிப் பலருக்குச் செய்திருக்கிறோம் என்றாள். நல்ல மனதோடுதான் சொன்னாள், அதனால் நானும் குரலை உயர்த்தவில்லை. "என் மக விருந்துக்கு வரலம்மா, சாட்சிக்கு வர்றா. இவங்க ரெண்டு பேரும் கையெழுத்துப் போடறதைக் கண்ணால பாத்தேன்னு எழுதிக் கொடுக்கப்போறா. கார்ல உக்காந்துக்கிட்டு எதைப் பாப்பா?" என்றேன். அவள் எழுந்தாள். வாட்ச்மேனைப் பார்த்தாள், லிஃப்டைப் பார்த்தாள், அந்த அறிவிப்பைப் போய் ஒருமுறை முழுக்கப் படித்தாள். திரும்பி வந்து, நீங்க சொல்றது சரி, பாக்கறேன் என்று விடைகொடுக்கக் கை நீட்டினாள்.

அங்கேதான் நான் கோட்டைவிட்டேன். எதிரே இருப்பவர் நிற்கும்போது உட்கார்ந்தபடி விடைபெறக் கூடாது என்று எங்கள் பள்ளிக் கன்னியாஸ்திரிகள் எலும்பில் எழுதிவிட்டிருக்கிறார்கள், நான் விறைப்பாக எழுந்து நின்று அவள் கையைப் பிடித்துக் குலுக்கினேன். வரிசையில் நின்றவர்கள் எல்லாரும் வாயைப் பிளந்தார்கள். வாட்ச்மேன், "அப்ப இவ்வளவு நேரம் நாடகமா?" என்று கேட்டார். மருமகள் முகம் வெளுத்துவிட்டது, எல்லாம் போச்சு என்று எனக்கும் தோன்றியது, இனி அந்தப் பெண் நாம் சொன்ன எதையும் நம்ப மாட்டாள், நீ வரும் வழியை நானே அடைத்துவிட்டேன். ஆனால் மன்னிப்புக் கேட்க மனம் வரவில்லை. "நான் நடப்பேன், என் மக நடக்க மாட்டா. அவ வந்து இந்த வாசல்ல நின்னு திரும்பிப் போகக் கூடாதுன்னுதான் முன்னாடியே நான் வந்து பாத்தேன்" என்றேன். பதிவாளர் நாற்காலியின் கைப்பிடியைப் பிடித்தாள். பிறகு, "தள்ளிக்குங்கம்மா, நான் உக்காந்து பாக்கறேன்" என்று நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள். யாரையும் தள்ள விடவில்லை, தானே சக்கரத்தைப் பிடித்துக் கழிப்பறைவரை போனாள். மாற்றுத்திறனாளிகளுக்கான கழிப்பறை என்று படம் போட்ட கதவைத் திறந்தால் உள்ளே கூரைவரை உடைந்த பெஞ்சுகள். கீழே இருந்த எழுத்தர் மேசைக்குப் போனாள், முட்டி இடித்தது, முன்பக்கத்தில் பலகை அடித்திருக்கிறார்கள். "மேல என் மேசையும் இதே மாதிரிதான்" என்று யாரிடமும் இல்லாமல் சொன்னாள்.

வாக்குறுதியை நம்பி உன்னைக் கிளம்பச் சொல்ல நான் என்ன பச்சைக் குழந்தையா, இரண்டு வாரம் கழித்து மறுபடி போனேன், இந்த முறை நடந்து. லிஃப்ட் திறந்திருக்கிறது, சாவியே வேண்டாம் என்று பூட்டை எடுத்துவிட்டார்கள், அறிவிப்பும் இல்லை. கைக்குழந்தைக்காரி ஒருத்தியும் ஊன்றுகோல் வைத்த ஒரு பெரியவரும் என்னோடு ஏறினார்கள், அந்தப் பெரியவர் இத்தனை வருஷமாக மேல்மாடி எப்படி இருக்கும் என்றே தெரியாது என்று சொல்லிக்கொண்டு வந்தார். பதிவாளர் மேசையின் முன்பலகையைத் தச்சர் கழற்றிவிட்டார், குனிந்து பார்த்தேன், நாற்காலி தாராளமாக உள்ளே போகும். கழிப்பறை காலியாகிவிட்டது, கைப்பிடியும் இருக்கிறது, ஆனால் உள்தாழ்ப்பாளை எட்டாத உயரத்தில் வைத்திருக்கிறார்கள், சொல்லியிருக்கிறேன், இன்னும் மாற்றவில்லை. மின்சாரம் போனால் லிஃப்ட் நிற்கும், அதற்கு இன்னும் வழி செய்யவில்லை. பியூன் வண்டி மரத்தடிக்குப் போய்விட்டது, அது நின்ற இடத்துக்கு வேறொருத்தர் வண்டி வந்துவிட்டது. பஸ்ஸில் நீ வர முடியாது, தாழ்தளப் பஸ் இந்தப் பக்கம் இன்னும் விடவில்லை. எதையும் பூசி மெழுகாமல் எழுதியிருக்கிறேன். உன்னைப் பள்ளியில் சேர்க்கப் போனபோது மேல் வகுப்பெல்லாம் மாடியில், அதனால் இடமில்லை என்று தலைமையாசிரியர் சொன்னதும், கெஞ்சி இடம் வாங்கி அப்பா அந்த வருஷம் முழுக்க உன்னைத் தூக்கிக்கொண்டு ஏறி இறங்கியதும் உனக்கு நினைவிருக்கும். அன்று எங்களுக்குக் கெஞ்சத்தான் தெரிந்தது. இன்று கேட்பதற்குச் சட்டம் இருக்கிறது, கேட்டால் இறங்கி வந்து உட்கார்ந்து பார்க்க ஒரு பதிவாளரும் இருக்கிறாள். பாதிக் கிணறு தாண்டியிருக்கிறோம், மீதியையும் விடுவதாக இல்லை.

சின்னவன் இன்னும் தேதி கொடுக்கவில்லை. அக்கா இல்லாமல் கையெழுத்து இல்லை என்று சொல்லிவிட்டான், பெண் வீட்டாரும் சரி என்றுவிட்டார்கள். உனக்கு எந்த நாள் தோது என்று நீயே குறித்து எழுது. வர வேண்டாம் என்று தோன்றினால் அதையும் எழுது, காரணம் கேட்க மாட்டேன். வந்தால் முன்வாசல் வழியாக வா. பின்னால் தள்ளுவதற்கோ பக்கத்தில் பிடிப்பதற்கோ யாரும் வரக் கூடாது என்று எல்லாரிடமும் கறாராகச் சொல்லிவிட்டேன், எனக்கும் சேர்த்துத்தான். நான் முன்கூட்டியே மாடிக்குப் போய் மேசையருகே உட்கார்ந்திருப்பேன். லிஃப்ட் கதவு திறந்து நீ வெளியே வரும்வரை அந்த இடத்தைவிட்டு அசைய மாட்டேன்.

கடவுள் உன்னை நீண்ட ஆயுளோடும் உன் குணம் மாறாமலும் வைத்திருக்கட்டும். சக்கரத்துக்கு மாற்று டியூப் இரண்டு எடுத்துக்கொள், இங்கே அந்த அளவு கிடைப்பதில்லை. இருமல் மருந்தைப் பாட்டில் முடியும்வரை குடி.

என்றும் உன் நினைவாக,
அம்மா