பொருந்தி வந்த விடைகள்

1942, ஜூன் 15, திங்கள்

மேசைமேல் மூன்று கணக்குப் புத்தகங்கள். காலையிலிருந்து ஒன்றை எடுப்பதும் வைப்பதுமாக இருக்கிறேன். புடவைக் கடையில்கூட நான் இவ்வளவு நேரம் எடுத்துக்கொண்டதில்லை.

ஏப்ரலில் குண்டு விழப்போகிறதென்று ஊர் காலியானபோது கான்வென்டும் மூட்டை கட்டிக்கொண்டு வேலூர்ப் பக்கம் போய்விட்டது. என் மகள் மர்சலினின் அப்பாவுக்குத் துறைமுகத்தில் வேலை, நகர முடியாது. நாங்களும் சாந்தோமிலேயே தங்கிவிட்டோம். ஏழு வயதுப் பிள்ளையைப் பாடமில்லாமல் வைத்திருக்க முடியுமா? அதிலும் இவளை? செபமாலை நடக்கும்போது இன்னும் எத்தனை அருள்நிறை மந்திரம் பாக்கி என்று என் காதில் சொல்லிக்கொண்டே வருகிறவள்.

கான்வென்ட் கிளம்பின அன்று மதரிடம் நான் வாயை விட்டுவிட்டேன். "நீங்கள் ஜனவரியில் திரும்பும்போது இவள் நான்காம் வகுப்புக்குத் தயாராக இருப்பாள், மதர்." நானும் டிரெய்னிங் முடித்தவள்தானே என்ற மிதப்பு. கல்யாணத்துக்கு முன் நான் நடத்தியது தமிழும் தையலும் என்பதைச் சொல்லவில்லை.

மூன்று புத்தகங்களில் ஒன்று எண்சுவடி, வெறும் வாய்ப்பாடு. ஒன்று கான்வென்டில் நான்காம் வகுப்புக்கு வைத்திருக்கும் இங்கிலீஷ் கணக்கு, தடி அட்டை. இன்னொன்று இவருடைய அக்கா ஃப்ளோரன்ஸ் கொண்டுவந்த தமிழ்க் கணக்கு. அக்கா மயிலாப்பூரில் டீச்சர். அதைத் தட்டிக்காட்டிச் சொன்னார்: "இது போதும் கிளாடிஸ். பின்னால விடை கெடையாது, அதான் இதுல நல்லது. நீயும் கூட ஒக்காந்து போடணும்."

நீயும் கூட உட்கார்ந்து. அதுதான் எனக்குக் கசந்தது.

ஜூன் 17

இங்கிலீஷ் கணக்கு என்று முடிவு செய்தேன். அதற்குத் தனியாக விடைப் புத்தகம் உண்டு. இவர் மூர் மார்க்கெட்டில் தேடி ஒன்று வாங்கிவந்தார். அதே பெயர், அதே பச்சை அட்டை. சுவரில் மாட்டியிருக்கும் இயேசுவின் திரு இருதயப் படத்துக்குப் பின்னால் செருகி வைத்திருக்கிறேன், அவள் கைக்கு எட்டாது.

ஜூலை 3

கணக்கை நான் படித்துத் தமிழில் சொல்ல வேண்டியதுதான், அவள் சிலேட்டில் விடையோடு நிற்கிறாள். நான் உள்ளே போய்ப் படத்துக்குப் பின்னால் பார்த்துவிட்டு வந்து "சரி" என்கிறேன். மீன் கொண்டுவந்த முனியம்மாள் வாசலில் நின்று பார்த்துவிட்டு, "ஊரே காலியாய்க் கீது, உன் வூட்ல மட்டும் இஸ்கூல் நடந்துகினு கீதே" என்றாள். எனக்கு உச்சி குளிர்ந்தது.

ஜூலை 14

அடித்துவிட்டேன்.

ஒரு தொட்டியை ஒரு குழாய் ஆறு மணி நேரத்தில் நிரப்பும், இன்னொரு குழாய் மூன்று மணி நேரத்தில். இரண்டையும் திறந்துவிட்டால் எவ்வளவு நேரம்? அவள் 2 என்றாள். விடைப் புத்தகத்தில் 4. தப்பு, மறுபடி போடு என்றேன். மறுபடியும் 2. முழங்கால் போடச் சொன்னேன். முழங்காலில் இருந்துகொண்டே பேசுகிறாள்:

"ஒரு கொழாய் மட்டுமே மூணு மணியில ரொப்பிடுது. இன்னொண்ணும் சேந்தா எப்படிம்மா நாலு ஆகும்?"

"புஸ்தகம் போட்டவங்களைவிட உனக்குத் தெரியுமோ?"

"நம்பலன்னா நீங்களே போட்டுப் பாருங்க."

கை நீண்டுவிட்டது. கன்னத்தில்.

எதிர்த்துப் பேசினாள் என்றா அடித்தேன்? இல்லை. எனக்குப் போடத் தெரியாது, அதுக்குத்தான் அடிச்சேன். இதை எழுதவே கூசுகிறது.

ஜூலை 15

அவள் மதியம் தூங்கும்போது சிலேட்டைப் பார்த்தேன். ஓரத்தில் மூன்று தொட்டி வரைந்து அடியில் 6 என்று எழுதியிருந்தாள். வெகு நேரம் வெறித்துக்கொண்டிருந்த பிறகு விளங்கியது. ஆறு மணி நேரத்தில் ஒரு குழாய் ஒரு தொட்டியை நிரப்பும், மற்றது இரண்டு தொட்டியை. ஆக மூன்று தொட்டி. அப்படியானால் ஒரு தொட்டிக்கு இரண்டு மணிதானே?

இரண்டு புத்தகங்களின் முதல் பக்கத்தையும் இப்போதுதான் ஒழுங்காகப் படித்தேன். கணக்குப் புத்தகம் திருத்திய பதிப்பு. விடைப் புத்தகம் அதற்கு முந்தியது. அங்கங்கே எண்களை மாற்றியிருக்கிறார்கள். இதற்கு முன்னும் எத்தனை சரியான விடையைத் தப்பு என்று அழிக்கச் சொன்னேனோ.

அவளிடம் சொல்லவில்லை. அம்மாதான் தப்பு என்று தெரிந்துவிட்டால் நாளைக்கு நான் சொல்வதைக் கேட்பாளா? ஆப்பத்துக்குத் தேங்காய்ப்பால் கூடுதலாக ஊற்றினேன். "தேங்க்ஸ்மா" என்றாள். கன்னத்தில் இன்னும் தடம் இருக்கிறது.

ஜூலை 27

இந்த வாரம் முழுக்க எல்லா விடையும் பொருந்திவிட்டது. முழங்கால் இல்லை, வாதம் இல்லை. வீடு அமைதியாக இருக்கிறது.

ஆகஸ்ட் 12

கடையடைப்பு. மண்ணெண்ணெய் கிடைக்கவில்லை. கணக்கு மட்டும் நடந்தது. எல்லாம் சரி.

செப்டம்பர் 6, ஞாயிறு

பூசை முடிந்து ஃப்ளோரன்ஸ் அக்கா சாப்பிட வந்திருந்தார். பெருமை காட்ட வேண்டுமென்று எனக்கு ஆசை. "ஏதாவது கேளுங்களேன்" என்று நானே தூண்டினேன். அக்கா ரசத்தைக் குடித்துக்கொண்டே சின்னதாக ஒன்று கேட்டார்: ஒரு கூடையில் பன்னிரண்டு நெத்திலி, அதில் மூன்றில் ஒரு பங்கைப் பூனை தின்றுவிட்டால் மிச்சம்?

மர்சலின் திரும்பி என் முகத்தைப் பார்த்தாள். "எவ்ளோ வரணும்மா?" என்று கேட்டாள்.

அக்கா கிண்ணத்தைக் கீழே வைத்தார். போகும்போது வாசலில், "புள்ளைய இன்னா பண்ணி வெச்சிருக்கே கிளாடிஸ்?" என்றார்.

கூச்சப்படுகிறாள், வேறொன்றுமில்லை என்றேன்.

இரண்டு புத்தகங்களும் ஒன்றல்ல என்று எனக்குத் தெரியும். பிறகு எல்லா விடையும் எப்படிப் பொருந்தி வருகிறது? நான் கேட்டுக்கொள்ளவில்லை. கேட்க விரும்பவில்லை.

அக்டோபர் 20

இந்த ஞாயிறு கிறிஸ்து அரசர் திருநாளில் அவளுக்குப் புதுநன்மை, முதன்முதலாக நற்கருணை வாங்கப்போகிறாள். சனிக்கிழமை அவளுடைய முதல் பாவசங்கீர்த்தனம், சாமியாரிடம் பாவங்களைச் சொல்ல வேண்டும். கடவுளின் பத்துக் கற்பனைகளில் எந்தக் கட்டளையை மீறினோம், எத்தனை தரம் என்று இரண்டையும் சொல்ல வேண்டும் என்று உபதேசியார் சொல்லிக் கொடுத்திருக்கிறார். இவளிடம் போய் எண்ணிக்கை கேட்டால் விடுவாளா? சிலேட்டும் கையுமாக அடுப்படிக்கு வந்தாள்.

"அம்மா, சரியான விடையை அழிச்சிட்டு உங்க விடையை எழுதினேன்ல, அது எந்தக் கற்பனையில வரும்?"

கரண்டி கையிலேயே நின்றது. எங்கே என் விடையைப் பார்த்தாய் என்றேன்.

"திரு இருதயத்துக்குப் பின்னால. முக்காலி போட்டு ஏறினேன். அது திருட்டா, அதைத் தனியா எண்ணணுமா?" பிறகு கணக்குப் போடும்போது நெற்றியைச் சுருக்குவாளே, அதே மாதிரி சுருக்கிக்கொண்டு கேட்டாள்: "நாலாம் கற்பனையில அம்மா அப்பா சொல்றதைக் கேக்கணும். எட்டாம் கற்பனையில பொய் சொல்லக்கூடாது. ரெண்டும் ஒண்ணா வந்தா எதும்மா பெருசு?"

சிலேட்டில் எட்டு என்று எழுதி அதன்கீழ் வரிசையாகக் கோடுகள். நான் எண்ணவில்லை. தைரியமில்லை.

"அது உன் பாவம் இல்லடி. என்னோடது" என்றேன். அந்தத் தொட்டிக் கணக்கில் அவள் விடைதான் சரி, எனக்கு மறுநாளே தெரியும், மறைத்துவிட்டேன் என்றும் சொன்னேன். கோபித்துக்கொள்வாள், அழுவாள் என்று நினைத்தேன். "எனக்கும் தெரியும்மா, ரெண்டுதான்" என்று சொல்லிவிட்டுக் கோடுகளை அழிக்கலாமா என்று கேட்டாள்.

விடைப் புத்தகத்தை அடுப்பில் போட்டேன். ஈரச் சுவரில் இருந்ததாலோ என்னவோ சீக்கிரம் எரியவில்லை.

அக்டோபர் 24

வரிசையில் அவளுக்குப் பின்னால் நானும் நின்றேன். அவள் சட்டென்று முடித்துவிட்டு வந்தாள். என் முறை வந்தபோது எல்லாம் சொன்னேன். சாமியார் எத்தனை தரம் என்று கேட்டார். எனக்குத் தெரியவில்லை. அவளுக்குத் தெரியும்.

நவம்பர் 9

ஃப்ளோரன்ஸ் அக்காவின் தமிழ்க் கணக்கை எடுத்திருக்கிறோம். முதல் பக்கத்திலிருந்து. நானும் ஒரு சிலேட்டு வைத்துக்கொண்டு போடுகிறேன். இன்று நான் போட்டது பிசகு என்று எனக்கே சந்தேகம். காட்டினேன். என் முகத்தைப் பார்த்துவிட்டு, "சரிதாம்மா" என்றாள்.

உள்ளே போய் அழுதேன். ஒரு விடைப் புத்தகத்தை எரித்தால் ஆயிற்றா? என் முகத்தையே விடைப் புத்தகமாக்கி வைத்திருக்கிறேனே. அதை எந்த அடுப்பில் போடுவது?

நவம்பர் 11

கணக்கு நேரத்தில் சுவரைப் பார்த்து உட்கார்ந்துகொள்கிறேன். அவளுக்கு என் முதுகுதான் தெரியும். இவர் வேலையிலிருந்து வந்து பார்த்துவிட்டு, "யாரு யாருக்குத் தண்டனை குடுத்தது?" என்று சிரித்தார். நான் சிரிக்கவில்லை.

டிசம்பர் 2

முதுகுக்குப் பின்னாலிருந்து என் சிலேட்டை எட்டிப் பார்த்தவளின் குரல், மெல்ல: "அம்மா... மூணாவது வரியில ஒண்ணு விட்டுட்டீங்க போல." போல என்றாள். இருந்தாலும் சொன்னாள்.

1943, ஜனவரி 4

கான்வென்ட் திரும்பிவிட்டது. மதர் வாய் நிறையச் சிரிப்போடு, "எங்கே நம்முடைய நான்காம் வகுப்பு?" என்று கேட்டார். ஃப்ளோரன்ஸ் அக்காவும் கூட இருந்தார். அவர் எதிரில் சொல்லத்தான் கஷ்டமாக இருந்தது. அவளுடைய வயதுக்குரிய வகுப்பிலேயே போடுங்கள் மதர், எனக்குக் கணக்குச் சொல்லித்தரத் தெரியவில்லை, பிள்ளையைப் பயமுறுத்தி வைத்துவிட்டேன் என்றேன். முகம் எரிந்தது. மதர் பேச்சை மாற்றிச் சாப்பாட்டு அரிசி நிலவரம் விசாரித்தார்.

திரும்பி வரும்போது அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டே நடந்தார். சாந்தோம் கோயில் வரைக்கும் விடவில்லை.

ஜனவரி 20

மர்சலின் பள்ளிக்கூடத்திலிருந்து ஓடி வந்தாள். பன்னை வாயில் அடைத்துக்கொண்டே சொன்னாள்: "இன்னிக்கு என்னைப் பெஞ்சு மேல நிக்க வெச்சிட்டாங்கம்மா."

எதற்கு என்று கேட்டேன்.

"டீச்சர் போர்டுல கணக்கு தப்பா போட்டாங்க. தப்புன்னு சொன்னேன்."

"அழுதியா?"

"எதுக்கு? மேல நின்னா போர்டு நல்லாத் தெரிஞ்சுது. அப்பவும் தப்பாத்தான் இருந்தது."

கணக்கைச் சொன்னாள். நான் விழித்தேன். அவள் என் முகத்தைப் பார்க்கவில்லை, பன்னில் திராட்சை தேடிக்கொண்டிருந்தாள். "நம்பலன்னா நீங்களே போட்டுப் பாருங்கம்மா" என்றாள்.

சிலேட்டை எடுத்து அவள் பக்கத்தில் உட்கார்ந்து போட்டேன். முதல் தடவை எனக்கும் டீச்சருடைய விடைதான் வந்தது. இரண்டாம் தடவை போட்டபோது அவளுடையது வந்தது.