நத்தைகளின் தவக்காலம்

பிப்ரவரி 10, 1957, ஞாயிறு

பூசை முடிந்து வந்து பார்த்தால் மீன்தொட்டியின் கண்ணாடியில் ஒரு நத்தை. மிளகளவுதான். போன வாரம் ஊசுடு ஏரியிலிருந்து கொண்டுவந்த வேலம்பாசியோடு வந்திருக்க வேண்டும். எடுத்து எறியப் போனேன். "அது பாட்டுக்கு இருக்கட்டும்" என்றார் இவர். இந்தோசீனாவில் பிரெஞ்சுப் பட்டாளத்துச் சொல்தாவாக இருந்து, கைதி முகாமும் கண்டு திரும்பிய மனுஷன். வந்ததிலிருந்து என்னிடம் நாளுக்கு நாலு வார்த்தை பேசினால் அதிகம். அதையும் நத்தைக்குச் செலவழிக்கிறார். எனக்குச் சிரிப்புதான் வந்தது.

பிப்ரவரி 24

கண்ணாடி, கல், பாசி, எங்கும் நத்தை. எதிர்வீட்டுக் கலியமூர்த்தி வாத்தியாரைக் கேட்டேன். பள்ளியில் விஞ்ஞானம் நடத்துகிறவர்.

"மயில்துத்தம் கித்தம் போட்றாதீங்க மதாம், மீனும் சேந்து போயிரும். ராத்திரி ஒரு கோஸ் எலய உள்ள போட்டு, காலையில நத்தையோட தூக்கிடுங்க. முக்கியமா தீனியக் கொறைங்க. மிஞ்சுற தீனியிலதான் நத்த பெருகுது."

நான் போடுவதே ஒரு சிட்டிகை. இனி அதிலும் பாதி.

மார்ச் 6, விபூதி புதன்

இவர் கோயிலுக்கு வந்தார். ஊர் திரும்பிய பிறகு முதல் தடவை. நெற்றியில் சாம்பலோடு, "தவக்காலம் முழுக்க ஒருசந்தி" என்றார். ஒரே வேளைச் சோறு. அதையும் தொட்டி இருக்கும் அறைக்குத் தட்டோடு கொண்டுபோய்த் தனியாகச் சாப்பிடுவாராம். சரி என்றேன். அடுப்படியில் நின்று அழுதேன், சந்தோஷத்தில்.

மார்ச் 17

கோஸ் இலையைத் தூக்கினால் இலையே தெரியவில்லை, அத்தனை நத்தை. தீனியைக் குறைத்த பிறகும் ஏன் கூடுகிறது?

இவருக்குக் கன்னம் ஒட்டிவிட்டது. நாத்தனார் புஷ்பமேரி வந்து, "அண்ணன் மொகத்துல ஒரு களை வந்துருக்கு அண்ணி" என்கிறாள். பங்குச் சாமியாரும் மெச்சினார். பெருமையாகத்தான் இருந்தது.

மார்ச் 29

தண்ணீர் நாறுகிறது. கெண்டைப்பொடி ஒன்று செத்து மிதந்தது. வாத்தியார் குனிந்து பார்த்துவிட்டு, "யாரோ தீனி கொட்டுறாங்க மதாம்" என்றார். இந்த வீட்டில் இருப்பதே ரெண்டு பேர்தான் என்று வெடுக்கென்று சொல்லிவிட்டேன். அவர் போய்விட்டார். சொன்ன பிறகுதான் எனக்கே உறைத்தது: கொட்டுவது நானில்லையே.

ஏப்ரல் 2

மத்தியானம் கதவிடுக்கில் பார்த்தேன். பார்த்திருக்க வேண்டாம் — இல்லை, முன்னாடியே பார்த்திருக்கணும். தனக்கு ஒரு வாய். மீதிச் சோறு முழுவதையும் பிடி பிடியாகப் பாசிக்கடியில் புதைக்கிறார்.

ஓடிப்போய்க் கையைப் பிடித்தேன். வெறும் எலும்பு. அவர் கோபப்படவில்லை. "முகாம்ல கூட இருந்த பசங்களுக்குச் சோறு பத்தல. இங்கதான் இருக்குதே. அவங்க துன்னட்டும்" என்றார். யாருங்க என்றேன். கண்ணாடியில் ஊர்ந்ததைக் காட்டினார்.

இதையா ஒருசந்தின்னு ஊரெல்லாம் சொல்லிக்கிட்டுத் திரிஞ்சேன்? ஆண்டவரே, எனக்குக் கண்ணு எங்க போச்சு?

ஏப்ரல் 3

மண்ணில் கிடந்த சோற்றையெல்லாம் அள்ளிக் கொட்டினேன். தொட்டியைக் கம்பிவலையால் மூடி, மேலே அம்மிக் குழவியை ஏற்றினேன். அந்த ஒரு வாயையும் இன்று அவர் சாப்பிடவில்லை.

ஏப்ரல் 9

விழுந்துவிட்டார். ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறது. எப்படி இவ்வளவு தூரம் விட்டீர்கள் என்று கேட்கிறார் டாக்டர். தவக்காலம் என்று சொல்ல வாய் வரவில்லை.

ஏப்ரல் 21, பாஸ்குத் திருநாள்

தொட்டி தெளிந்துவிட்டது. அடியில் வெள்ளை வெள்ளையாக வெற்று ஓடுகள். "பட்டினி போட்டதுல அடங்கிடுச்சு பாத்தீங்களா" என்றார் வாத்தியார்.

ஆஸ்பத்திரியில் கஞ்சிக் கரண்டியை வாயருகே கொண்டுபோனால் இவர் கேட்பது ஒன்றுதான்: "அவங்க துன்னாங்களா?" நேற்று ஆமாம் என்று பொய் சொன்னேன். என் முகத்தைப் பார்த்தார். வாயை இறுக்கிக்கொண்டார். எனக்கு இவரிடம் பொய் சொல்ல வராது.

இன்று பூசைக்குப் போகவில்லை. வலையை எடுத்துவிட்டு ஒரு பிடி சோறு உள்ளே போட்டேன். உயிரோடிருந்த நாலைந்தும் மெல்ல நகர்ந்து வந்து அதன்மேல் ஏறும்வரை நின்று பார்த்தேன். பிறகு ஆஸ்பத்திரிக்குப் போனேன். கேட்டார். துன்னாங்க என்றேன். கொஞ்சம் கஞ்சி இறங்கியது.

நாளைக்கும் ஒரு பிடி போட வேண்டும். நத்தை கூடினால் கூடட்டும்.