பெயர் வைக்காத நாய்க்குட்டி

அன்பு மகள் தேன்மொழிக்கு, அம்மா எழுதுவது. கோமதியம்மன் கிருபையில் இங்கே நானும் உன் அப்பாவும் சுகம், அப்பாவுக்கு வாய் மட்டும் கொஞ்சம் கூடுதல் சுகம். பெங்களூரில் நீயும் சுஹாஸும் நோய்நொடி இல்லாமல் இருக்க வேண்டும். போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று கேட்பாய், போனில் என்றால் பாதியில் மீட்டிங் என்று வைத்துவிடுவாய், கடிதத்தை அப்படி வைக்க முடியாது பார்.

நீங்கள் நாய் வளர்க்கப்போவதாகவும் சுஹாஸ் ஏதோ ஹஸ்கிக் குட்டியைப் பார்த்து வைத்திருப்பதாகவும் போன வாரம் சொன்னாய் அல்லவா, அதை நான் அடுப்படியில் நின்று பக்கத்து வீட்டுக்குக் கேட்கிற மாதிரி எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். நீ ரிஜிஸ்டர் கல்யாணம் பண்ணியதிலிருந்து உன்னோடு பேச மாட்டேன் என்று முறுக்கிக்கொண்டிருக்கிற மனுஷன், பேப்பரை மடித்துப் போட்டுவிட்டு அடுப்படி வாசலில் வந்து நின்றார். அது பனியில் கிடக்கிற சாதியாமே, உடம்பெல்லாம் மயிராமே, மூன்றாவது மாடியில் அதற்கு என்ன வேலை என்று கேட்டார். எனக்குத் தெரியாமல் செல்போனில் படம் எல்லாம் பார்த்திருக்கிறார். அன்றிலிருந்து சாப்பிட உட்கார்ந்தால் ஒரு கேள்வி, படுத்தால் ஒரு கேள்வி. எல்லாம் உனக்குத்தான், ஆனால் உன்னிடம் கேட்க மாட்டாராம், நடுவில் நான் தபால்காரி.

வீட்டு ஓனர் நாய்க்குச் சம்மதித்தாரா, சும்மா தலையை ஆட்டினாரா. ரெண்டு பேரும் வேலைக்குப் போய்விட்டால் பகல் முழுக்க அது யார் முகத்தைப் பார்த்துக்கொண்டிருக்கும். ஊசி போடுகிற மாட்டு டாக்டர் அங்கே பக்கத்தில் உண்டா. விடியக்காலம் அதை வெளியே கூட்டிப்போவது யார். இதற்கு மட்டும் நானே பதில் சொல்லிவிட்டேன், உங்கள் மகள் எட்டு மணிக்கு முன்னால் எழுந்தது பரீட்சை அன்றைக்குத்தான் என்று. சிரிப்பை மீசை துடைக்கிற மாதிரி மறைத்துக்கொண்டார். என் பங்குக்கு நானும் கேட்கிறேன், கொடுத்துவிட்ட துளசிச்செடி எங்கே? செடி வாயில்லாமல் காய்ந்து போனது, நாய் அப்படி விடாது. பத்துப் பன்னிரண்டு வருஷம் கூடவே இருக்கும், நீங்கள் சண்டை போட்டு ஆளுக்கொரு பக்கம் திரும்பிப் படுத்தாலும் அதற்கு வேளைக்குச் சோறு வைக்க வேண்டும்.

கடைசியாக ஒன்று கேட்டார், ஊருக்கு வரும்போது நாயை யாரிடம் விட்டுவிட்டு வருவாள் என்று. அவள் எங்கே வருகிறாள், நீங்கள்தானே இந்த வாசலை மிதிக்காதே என்றீர்கள் என்றேன். மனுஷன் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு தோட்டத்துப் பக்கம் போய்விட்டார். சொன்னதை நானும் திரும்ப வாங்கிக்கொள்ளவில்லை.

மறுநாள் பைக்கை எடுத்துக்கொண்டு பனவடலிசத்திரத்துக்கு உன் மாமா வீட்டுக்குப் போனார். என் பிறந்த வீட்டில் கன்னிச் சாதி நாய்க்குட்டியை விலைக்குக் கொடுக்க மாட்டார்கள், கட்டிக்கொடுக்கிற பெண்ணோடு சீராகத்தான் அனுப்புவார்கள், அதற்குப் பெயர் வைப்பது கட்டிக்கொண்டவர் என்று உனக்குத் தெரியும். என்னோடு வந்த குட்டிக்கு உன் அப்பா ராணி என்று பெயர் வைத்தார். அவளைக் கூப்பிடுவது ராணி, என்னைக் கூப்பிடுவது ஏட்டி, அந்த வயிற்றெரிச்சல் எனக்கு இன்னும் ஆறவில்லை. சாயங்காலம் திரும்பி வந்தவர் சட்டைக்குள்ளிருந்து பால் மறந்த கறுப்புக்குட்டி ஒன்று தலையை நீட்டியது. யாருக்கு என்றேன், தோட்டத்துக் காவலுக்கு என்றார். அந்தக் காவல்காரி ராத்திரி முழுக்க இவர் கட்டிலுக்கு அடியில்தான் தூங்குகிறாள்.

நேற்று நான் அதைக் கறுப்பி என்று கூப்பிட்டேன். சுள்ளென்று வந்துவிட்டது அவருக்கு. “ஏட்டி, நீ பேரு வைக்காத. அத மாப்பிள்ளைல்லா வைக்கணும்.” இதுவரை சுஹாஸை அந்தப் பையன் என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தார். காது கேட்கவில்லை என்று சொல்லி இன்னொரு தடவை சொல்ல வைத்தேன்.

சீர்க்குட்டியை ஆள் மூலம் கொடுத்துவிடுகிற வழக்கம் இல்லை, ரெண்டு பேரும் வந்து கையில் வாங்க வேண்டும், ஆடித்தபசுத் திருவிழாவுக்கு வந்துவிடுங்கள். ஆனால் இது ஓடுகிற சாதி, கட்டிப்போட்டால் மனசு விட்டுப்போகும். ஓடவிட மைதானமும் விடியக்காலம் எழுந்திருக்க ஆளும் உண்டென்றால் கூட்டிப்போங்கள், இல்லையென்றால் இங்கேயே நிற்கட்டும், அதைப் பார்க்கிற சாக்கில் மாசம் ஒருமுறை வாருங்கள். அம்மன் உங்கள் இருவருக்கும் ஒரு குறையும் வைக்க மாட்டாள். சுஹாஸிடம் நல்ல பெயராக யோசித்துக்கொண்டு வரச் சொல், ராணி மட்டும் வேண்டாம்.

உன் அம்மா,
கோமதித்தாய் இசக்கித்துரை
சங்கரன்கோவில்