மூன்று டிகிரி தள்ளி

ஏப்ரல் 4

மலைக் கோபுரப் பொறுப்பாளரும், நாலு வருஷமாகத் தனியே இருக்கும் என் கணவருமான உங்களுக்கு,

நான் நலம். நீங்களும் நலமாகத்தான் இருப்பீர்கள். கவலைப்படுகிறவர்களுக்குத்தானே உடம்பு கெடும்.

தொலைபேசியில் பேசினால் பாதி வார்த்தையை உங்கள் இணைப்பு விழுங்கிவிடுகிறது, மீதிப் பாதியில் நாம் சண்டை போடுகிறோம். மெயில் அனுப்பினால் மொத்த அலுவலகமும் படிக்கிறது. அதனால் வாரா வாரம் உங்கள் ஜெனரேட்டருக்கு டீசல் கொண்டுவரும் ஓட்டுநரிடம் இதைக் கொடுத்தனுப்புகிறேன். அவர் பீப்பாய்களை இறக்குவதற்குள் பதில் எழுதிக் கொடுத்துவிடுங்கள்.

விஷயம் இதுதான். நகரக் கோபுரத்திலிருந்து உங்கள் மலைக் கோபுரத்துக்கு வரும் மைக்ரோவேவ் அலை இணைப்பு மூச்சுத் திணறுகிறது. மலைக்கு அந்தப் பக்கம் இருக்கும் மருத்துவமனையிலிருந்து ஒரு ஸ்கேன் படம் நகரத்துக்கு வந்து சேர முக்கால் மணி நேரம் ஆகிறதாம். பெரிய டிஷ் மாட்டினால் உங்கள் பழைய கோபுரம் தாங்காது. இரண்டாவது அலைவரிசைக்கு லைசென்ஸ் வாங்கும் வசதி கம்பெனிக்கு இல்லை. நான் மூன்று மாதம் மண்டையை உடைத்துக்கொண்டு ஒரு வழி கண்டுபிடித்திருக்கிறேன். இருக்கிற அதே அலைவரிசையில் அலையை நிமிர்த்தி ஒன்று, படுக்கவைத்து ஒன்று என இரண்டாக அனுப்பலாம். இரண்டும் கலந்துவிடாமல் பிரித்தெடுக்கும் ரேடியோ கருவி இப்போது மலிவாகவே கிடைக்கிறது. அதே டிஷ், லைசென்ஸில் ஒரு சின்னத் திருத்தம், இரண்டு மடங்கு கொள்ளளவு.

உங்கள் ஒப்புதல் கையெழுத்து ஒன்றுதான் பாக்கி. ஜூன் முடிவதற்குள் இணைப்பு சரியாகாவிட்டால் உங்களை அந்தப் பொறுப்பிலிருந்து தூக்கிவிடுவதாக முடிவாகிவிட்டது. கோப்பில் 'அக்கறையில்லாத ஆள்' என்று எழுதியிருக்கிறார்கள். நான் எழுதவில்லை. மறுக்கவும் இல்லை.

இப்படிக்கு,
திட்டப் பிரிவுத் தலைவி

ஏப்ரல் 5

மேடம் அவர்களுக்கு,

"வீட்டம்மா குடுத்தாங்க" என்று சொல்லி ஓட்டுநர் கடிதத்தைக் கொடுத்தார். எந்த வீடு என்று நான் கேட்கவில்லை.

திட்டம் நன்றாக இருக்கிறது. ஆனால் இந்த இணைப்பில் அது வேலை செய்யாது. கையெழுத்துப் போட முடியாது.

இங்கே ஒரு வாரமாகப் பனிமூட்டம். இருமல் இல்லை. நீ கேட்கவில்லை, இருந்தாலும் சொல்கிறேன்.

மலைமேல் இருப்பவன்

ஏப்ரல் 11

மலைமேல் இருப்பவருக்கு,

மூன்று மாத வேலைக்கு மூன்று வரியில் பதில். உங்களோடு குடும்பம் நடத்தியவளுக்கு இது புதிதா என்ன?

ஏன் வேலை செய்யாது? காரணம் சொல்லுங்கள். பதினேழு இணைப்புகளில் இதே முறையைப் போட்டாயிற்று, பதினேழும் ஓடுகின்றன. உங்கள் மலை மட்டும் என்ன ஆகாயத்திலிருந்து குதித்ததா? உங்கள் கையெழுத்து இல்லாமல் ரேடியோ வாங்க விட மாட்டேன் என்கிறார் கணக்காளர். தினமும் என் மேஜைக்கு வந்து, "உங்க வீட்டுக்காரர் என்னம்மா சொல்றார்?" என்று கேட்கிறார். நாலு வருஷமாக என் வீட்டில் யார் இருக்கிறார்கள் என்று அவருக்குத் தெரியாதாம்.

தயவுசெய்து இந்தத் தடவை முழு வாக்கியங்களில் எழுதுங்கள்.

தி.பி.த.

ஏப்ரல் 12

மேடம்,

முழு வாக்கியங்களில் எழுதுகிறேன். எனக்கு ஒரு பகல் வேண்டும். இணைப்பை நிறுத்த அனுமதி வாங்கிக் கொடு. டிஷ்ஷைத் தளர்த்தி ஒரு வேலை பார்க்க வேண்டும். அதன்பிறகு உன் ரேடியோவை மாட்டு, ஓடும். அனுமதிப் படிவத்தில் காரணம் என்ற இடத்தில் 'வழக்கமான பராமரிப்பு' என்று போட்டுவிடு. இதற்கு மேல் கேட்காதே.

ம.இ.

ஏப்ரல் 18

கேட்காதே என்று சொன்னவருக்கு,

ஒரு மருத்துவமனையே தொங்கிக்கொண்டிருக்கும் இணைப்பை ஒரு பகல் முழுக்க நிறுத்த 'வழக்கமான பராமரிப்பு' என்று எழுதிக் கொடுத்தால் என் மூஞ்சியில் விட்டெறிவார்கள்.

நான் ஏன் மலையிலிருந்து இறங்கி வந்தேன் என்று ஞாபகம் இருக்கிறதா? நான் போகிற ஒவ்வொரு கூட்டத்திலும் இந்த இணைப்பை வைத்துச் சிரிப்பார்கள். "ஆமை இணைப்பு" என்பார்கள். நான் தலையைக் குனிந்துகொண்டு உட்கார்ந்திருப்பேன். வீட்டுக்கு வந்து, "ஏதாவது பண்ணுங்களேன், எனக்காகவாவது பண்ணுங்களேன்" என்று கெஞ்சுவேன். நீங்கள் சோற்றைப் பிசைந்தபடி "பாக்கலாம்" என்பீர்கள். ஏழு வருஷம் 'பாக்கலாம்'. தன் வேலைமீதும் அக்கறை இல்லை, என்மீதும் அக்கறை இல்லை என்று புரிந்துதான் பெட்டியைத் தூக்கினேன். அன்றைக்கும் நீங்கள் வாயைத் திறக்கவில்லை.

இப்போதாவது திறக்கிறீர்களா, இல்லையா?

மே 2

உங்களுக்கு,

இரண்டு வாரமாக ஓட்டுநர் வெறுங்கையோடு திரும்பி வந்தார். சரி, இந்த மனிதரிடம் கெஞ்சிப் பயனில்லை, பழைய தாள்களை வைத்தே மடக்குவோம் என்று பதினோரு வருஷத்துக்கு முன் இணைப்பை நிறுவியபோது எழுதிய படிவத்தைத் தேடி எடுத்தேன்.

அதில் இருப்பது என் கையெழுத்து. 'கிடைத்த சிக்னல்' என்ற கட்டத்தில், கணக்குப்படி வர வேண்டிய எண் தசமப் புள்ளி வரை அப்படியே இருக்கிறது. எந்தக் கோபுரத்திலும் அப்படி வராது.

எல்லாம் ஞாபகம் வந்துவிட்டது. கல்யாணமாகி இரண்டு மாதம். நீங்கள் மலையில், நான் நகரக் கோபுரத்தில், நடுவில் வாக்கி டாக்கி. நீங்கள் டிஷ்ஷை மெல்லத் திருப்புகிறீர்கள், நான் எண்ணைப் படிக்கிறேன். சிக்னல் ஏறியது, உச்சத்துக்குப் போனது, இறங்கியது. "இது நடு உச்சமா, பக்கத்துல இருக்கற குட்டி உச்சமான்னு தெரியல. ஒரு தடவை முழுசாத் திருப்பிப் பாத்துடறேன்" என்றீர்கள். மழை வரப் பார்த்தது. லைசென்ஸ் அலுவலகத்தில் தாள் கொடுக்க அன்றுதான் கடைசி நாள். "போதும், இறுக்குங்க" என்றேன். வந்திருந்தது, வர வேண்டியதில் நூறில் ஒரு பங்கு. மழை விட்டால் ஏறிவிடும் என்று நானே என்னைச் சமாதானப்படுத்திக்கொண்டு கணக்கில் இருந்த எண்ணை எழுதினேன். பிறகு அதை மறந்தே போனேன்.

நாம் இறுக்கியது பக்கத்துக் குட்டி உச்சத்தில்; அந்த டிஷ் இன்றுவரை தப்பான திசையைப் பார்த்துக்கொண்டிருக்கிறது. குட்டி உச்சத்தில் இரண்டு அலையும் கலந்துதான் வரும். அதனால்தான் என் திட்டம் அதில் ஓடாது என்றீர்கள்.

இது உங்களுக்கு எப்போது தெரியும்?

மே 3

உனக்கு,

ஒன்பது வருஷமாகத் தெரியும். ஒரு புயலுக்கு அப்புறம் போல்ட்டைச் சரிபார்க்க ஏறினேன். டிஷ் மூன்று டிகிரி தள்ளிப் பார்ப்பது அப்போதுதான் உறைத்தது. படிவத்தின் நகலைப் பார்த்தேன், உன் எண்ணைப் பார்த்தேன். அந்த வாரம்தான் உனக்குப் பதவி உயர்வு வந்திருந்தது. லைசென்ஸுக்குப் பொய் எண் கொடுத்தாய் என்று தெரிந்தால் சீட்டுக் கிழிந்திருக்கும்.

நானாகத் திருப்பியிருந்தால் ஒரே நாளில் சிக்னல் நூறு மடங்கு ஏறியிருக்கும். உடனே பழைய தாளைத் தோண்டியிருப்பார்கள். இப்போது ரேடியோ மாறுகிற சந்தடியில் யாரும் கவனிக்க மாட்டார்கள் என்றுதான் ஒரு பகல் கேட்டேன்.

அந்தத் தாளை இருந்த இடத்திலேயே வைத்துவிடு. யாரிடமும் மூச்சு விடாதே. உன்னைக் காப்பாற்றத்தான் இத்தனையும்.

மே 9

உங்களுக்கு,

நன்றி சொல்வேன் என்று எதிர்பார்த்தீர்களா?

என் தப்புக்காக உங்களையே திட்டவிட்டு வேடிக்கை பார்த்திருக்கிறீர்கள். என் வாயாலேயே உங்களைச் சோம்பேறி என்று சொல்லவைத்தீர்கள். நான் அழுததும், பெட்டி கட்டியதும், இந்த ஒற்றை அறையில் நாலு வருஷம் தனியாகச் சமைத்துத் தின்றதும் எதற்காக? நீங்கள் ஒரு வாக்கியம் சொல்லாததால். என்மேல் இரக்கப்பட்டீர்கள். நானும் ஒரு பொறியாளர்தான், உண்மையைச் சொன்னால் தாங்குவேன் என்று ஒரு நாளாவது நினைத்தீர்களா? 

அனுமதிப் படிவம் கொடுத்துவிட்டேன். காரணம் என்ற இடத்தில், 'நிறுவியபோது நான் தவறான எண்ணைப் பதிந்தேன்' என்று எழுதியிருக்கிறேன். லைசென்ஸ் அலுவலகத்துக்கும் நானே போனேன். அங்கிருந்தவர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு இரண்டு தடவை படித்தார். எச்சரிக்கைக் கடிதத்தோடு விட்டுவிட்டார்கள். கம்பெனியில் தலைவி பதவி போயிற்று. உங்கள் கோப்பில் இருந்த அந்த வரியை அடிக்கவைத்துவிட்டேன்.

இணைப்பை நிறுத்த 17ஆம் தேதி பகல் அனுமதி. நகரக் கோபுரத்தில் நான் இருப்பேன். அது முடிந்ததும் ஒன்று எழுதுங்கள்: ஏன் சொல்லவில்லை? 'உன்னைக் காப்பாற்ற' என்று மறுபடியும் எழுதுவதானால் ஓட்டுநரை வெறுங்கையோடு அனுப்பிவிடுங்கள்.

சாதாரணப் பொறியாளர்

மே 24

உனக்கு,

மருத்துவமனையிலிருந்து கூப்பிட்டார்கள். டிஷ்ஷைத் திருப்பி உன் ரேடியோவை மாட்டிய பிறகு படம் ஒரு நிமிஷத்துக்குள் போய்விடுகிறதாம். "என்ன சார் பண்ணீங்க?" என்று கேட்டார்கள். நான் ஒன்றும் பண்ணவில்லை, மேடம் போட்ட திட்டம் என்றேன்.

17ஆம் தேதி நாம் எண்களைத் தவிர ஒரு வார்த்தை பேசிக்கொள்ளவில்லை. சிக்னல் ஏறிக்கொண்டே போனபோது உன் குரல் உடைந்தது எனக்குக் கேட்டது. அன்றே உன்னிடம் சொல்லியிருக்கலாம். வாய் வரவில்லை. ஒரு வாரம் எழுதிக் கிழித்து, எழுதிக் கிழித்து, இதைத்தான் அனுப்ப முடிகிறது.

முதல் வருஷம் உன்னைக் காப்பாற்றத்தான் வாயை மூடிக்கொண்டிருந்தேன். அது சத்தியம். அதற்கப்புறம் அது பழகிப்போயிற்று. நீ திட்டும்போதெல்லாம் எனக்குள்ளே ஒருத்தன் சௌகரியமாக உட்கார்ந்துகொண்டு, 'பாவம், இவளுக்குத் தெரியாது, நான் எவ்வளவு நல்லவன்' என்று சொல்லிக்கொண்டிருந்தான். நம் ஒவ்வொரு சண்டையிலும் சத்தமில்லாமல் நான் ஜெயித்துக்கொண்டே இருந்தேன். நீ பெட்டியைத் தூக்கிய அன்று ஒரே ஒரு வாக்கியம் சொல்லியிருந்தால் நின்றிருப்பாய். எனக்கும் அது தெரியும். அன்றைக்குக்கூட, நீ போவதைவிட, நான் நல்லவனாக நிற்பதுதான் எனக்குப் பெரிதாக இருந்தது.

அடுத்த வண்டியில் நானும் ஏறி வருகிறேன். கதவைத் திறப்பதும் திறக்காததும் உன் இஷ்டம். திறந்தால் நன்றாகத் திட்டு. இந்தத் தடவை உள்ளே ஒளித்துவைத்துக்கொள்ள என்னிடம் எதுவும் இல்லை.

உன் கணவன்