சாமி படத்து பல்பு

அன்பு மகனுக்கு,

நாங்கள் சௌக்கியம். வீட்டை விற்றபின் இந்த வேனிலேயே குடித்தனம் பழகிவிட்டது. வேன் பேட்டரியில் ஓடும் அப்பாவின் மூச்சு மெஷின்தான் விடிவதற்குள் நின்றுவிடுகிறது.

"பேட்டரிக்கு வயசாயிடுச்சும்மா" என்றார் மெக்கானிக். புதிது இப்போதைக்கு வாங்க முடியாது. எது கரண்டை வீணாகக் குடிக்கிறதென்று ஒவ்வொரு ஃப்யூஸாகக் கழற்றி, மீட்டர் வைத்துப் பார்த்தேன். சாமி படத்துக்கு நானே மாட்டிய பல்பு. இரவும் பகலும் எரிந்துகொண்டிருந்தது.

அப்பா சிரித்தார். "சாமிக்கும் எனக்கும் ஒரே பேட்டரியா? யாராவது ஒருத்தர் விட்டுக்கொடுக்கணுமே!"

சாமிதான் விட்டுக்கொடுத்தார். அப்படியும் விடியும்வரை தாங்கவில்லை.

உன் வீட்டு வாசலில் வேனை நிறுத்திக்கொள்ளட்டுமா? உள்ளே வரமாட்டோம். ஜன்னல் வழியே ஒரு ஒயர் மட்டும் போடு. மருமகளுக்குச் சங்கடமென்றால், இருட்டியபின் வந்து விடியுமுன் கிளம்பிவிடுகிறோம்.

உன் பதிலை எதிர்பார்த்திருக்கும்,
அம்மா