இடப்பக்கத்துச் சத்தம்

என் மேசைமேல் ஒரு பழைய பால் ஜாயிண்ட் கிடக்கிறது. காரின் முன்சக்கரத்தைக் கீழே பிடித்துக்கொண்டிருக்கும் இரும்புக் குமிழ், உள்ளங்கையில் அடங்கிவிடும். ரப்பர் உறை கிழிந்து, செம்மண்ணும் கிரீஸும் கலந்து, விரித்த செய்தித்தாளில் ஊறிக்கொண்டிருக்கிறது. விரலால் தட்டினால் குமிழ் கிண்ணத்துக்குள் ஆடி ‘டொக்’ என்கிறது. இந்தச் சத்தம் உனக்குத் தெரியும்.

நான் எழுத, நீ படம் எடுக்க, இந்தக் காரில் எத்தனை ஊர் போயிருப்போம்! சிங்கவரம் பிரிவுப் புளியமரத்தடியில் ஏறுவாய். நீ ஏறிப் பத்தடி நகர்ந்ததும் முதல் பள்ளத்தில் கேட்கும். டொக். இடப்பக்கம், உன் காலுக்குக் கீழே.

“கேக்குதாடா?” என்பாய்.

“நீ ஏறுனாத்தான் கேக்குது. வண்டி அழுவுது. சோத்தக் கொற.”

“வண்டி அழுவல, உன்ன எச்சரிக்குது. எனுக்கின்னா, நான் எறங்கிப் போயிடுவேன். ஓட்டுறவன் நீ.”

மூன்று முறை பட்டறைக்குக் கொண்டு போனேன். மூன்று முறையும் மாலையில் உன்னை இறக்கிவிட்டு, தனியாகப் போனேன். மெக்கானிக் சேகர் ஓட்டிப் பார்ப்பான், சத்தமே வராது. அவனும் சிரிப்பான், நானும் சிரிப்பேன். உனக்குத்தான் கோபம் வந்தது.

“சம்பவ எடத்துல இருந்த ஆள வூட்ல உட்டுட்டு நீ இன்னாத்தடா விசாரிக்கிற? இத்தினி வருசம் பேப்பர்ல இருந்து இன்னா பிரயோசனம்? ஒரு நாளு என்னியும் கூட்டிம்போ.”

செவ்வாய்க்கிழமை போகலாம் என்றேன். திங்கட்கிழமை காலையில் உனக்கு நெஞ்சுவலி வந்தது. செஞ்சி ஆஸ்பத்திரிக்குக் கொண்டு வருவதற்குள் முடிந்துவிட்டது.

அதற்குப் பிறகு பதினோரு மாதம் வண்டியில் சத்தமில்லை. திண்டிவனம் சாலை, மேல்சித்தாமூர் சாலை, மழையில் பெயர்ந்துபோன கிராமத்துச் சாலைகள், எதிலும் இல்லை. இடது இருக்கையில் யாரும் உட்காரவில்லை. நானும் யாரையும் உட்காரச் சொல்லவில்லை.

போன வியாழக்கிழமை காலை பதினொன்றரை மணிக்கு, சிங்கவரம் பிரிவை நெருங்கும்போது ஃபோன் வந்தது. புளியமரத்தடியில் ஓரங்கட்டினேன். இரண்டு நிமிடம் பேசியிருப்பேன். நல்ல வெயில், சாலையில் ஒரு ஆள் இல்லை. கிளம்பினேன். பத்தடியில் முதல் பள்ளம்.

டொக்.

திரும்பிப் பார்த்தேன். இருக்கை காலியாகத்தான் இருந்தது. பெல்ட் தன் இடத்தில் தொங்கியது. அடுத்த பள்ளத்திலும் கேட்டது, அதற்கடுத்ததிலும். நேராகச் சேகர் பட்டறைக்கு விட்டேன்.

இந்த முறை அவன் காதிலும் விழுந்தது. ஜாக்கி போட்டுத் தூக்கி, கம்பியை நுழைத்து நெம்பினான். சக்கரம் லொடலொடவென்று ஆடியது.

“அப்ப சொன்னீங்களே, அந்தச் சத்தமா சார் இது? எப்பத்திலேர்ந்து கத்துது?”

“ஒரு வருஷத்துக்கு மேல. ஆள் உக்காந்தா மட்டும்.”

“கரெக்ட்டு. கனம் ஏறுனாத்தான் இது வாயத் தொறக்கும். இன்னிக்கு யாரு சார் உக்காந்து வந்தது?”

“யாருமில்ல.”

கையைத் துடைத்துக்கொண்டான். “முத்திப்போச்சுன்னா சும்மாவும் கத்தும் சார்,” என்றான். பிறகு அவனே, “இன்னும் நாலு பள்ளம் தாங்கியிருக்காது. சக்கரம் மடங்கிப் படுத்திருக்கும். நீங்க ஓட்டுற வேகத்துக்கு...” என்று நிறுத்திக்கொண்டான்.

முற்றினால் சும்மாவும் கத்தும். நம்பத்தகுந்த விளக்கம்தான், அதை அப்படியே பதிவு செய்கிறேன். ஏன் அந்த மரத்தடியில் தொடங்கியது என்று அவனிடம் நான் கேட்கவில்லை.

“மாத்திடலாமா சார்?”

மாற்றினால் சத்தம் போய்விடும். பதினோரு மாதம் கழித்து அன்றைக்குத்தான் வந்திருந்தது. மாற்றாவிட்டால் என்ன ஆகும் என்பதையும் கம்பியால் நெம்பிக் காட்டிவிட்டான். கடைசியில், நீ சொல்லி நான் கேட்காமல் விட்டது போதும் என்று தோன்றியது. மாற்று என்றேன். ஒரு பக்கம் மட்டும் மாற்றக் கூடாது, ஜோடியாகத்தான் மாற்ற வேண்டும் என்று இரண்டு பக்கமும் மாற்றினான்.

சாயங்காலம் முன்சக்கரங்களுக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கி, வண்டியை ஒரு சுற்று ஓட்டி வந்தான். ஒரு முனகல்கூட இல்லை. சமதரையில் நிறுத்தி இறங்கியவன், சக்கரத்துக்கு மேலே இருந்த இடைவெளியில் விரலை விட்டுப் பார்த்தான். இந்தப் பக்கம் பார்த்தான். மறுபடி அந்தப் பக்கம் போனான்.

“இன்னா சேகரு?”

“வலப்பக்கம் நாலு விரல் போவுது சார். இடப்பக்கம் மூணுதான் போவுது. ஓட்டுறவங்க பக்கம் தாழ்ந்திருந்தாலாவது நாயம். இது ஒரு ஆளு உக்காந்திருக்காப்ல நிக்குது.” எழுந்து கண்ணாடி வழியாக உள்ளே எட்டிப் பார்த்தான். “ஸ்பிரிங்கையும் மாத்திப் பாக்கலாமா?”

“வேணாம். இருக்கட்டும்.”

அவன் சாவியை என் கையில் தராமல் பானட் மேல் வைத்துவிட்டுத் தள்ளி நின்றான்.

நீ எப்போதும் கேமராப் பையை மடியில் வைத்துக்கொண்டுதான் வருவாய். நான் வேகத்தடையில் அப்படியே ஏற்றிவிடுவேன். “டேய், சொல்லிட்டு ஏத்துடா!” என்று பையை இரண்டு கையாலும் தூக்கிப் பிடித்துக்கொண்டு கத்துவாய். நான் ஒருநாளும் சொன்னதில்லை.

இப்போது தடைக்கு முன்னால் வண்டியை ஊர விடுகிறேன். ஒரு பையைத் தூக்க எவ்வளவு நேரம் ஆகுமோ அவ்வளவு நேரம் பொறுக்கிறேன். “வருது,” என்று வாய்விட்டுச் சொல்கிறேன். அப்புறம்தான் ஏற்றுகிறேன்.